தனி ஆட்டத்தில் அளாப்பு

பொறாமை விஷயத்தில் நான் நீண்டகால அனுபவம் உள்ளவன். ஐந்தாம் வகுப்பில் எனக்கு முன்வாங்கில் இருந்தவனிடம் வாழைப்பழ மணம் வீசும் அழிரப்பர் ஒன்று இருந்தது. அவன் அதை அழிக்கப் பயன்படுத்தியதே இல்லை. மணப்பதற்கு மட்டும் எடுப்பான். பிழை விடாதவன். அவன்மீது கொண்ட பொறாமை எனக்குப் பத்தாம் வகுப்பு வரை நின்று பிடித்தது. அதற்குப் பிறகு என் சகலன், அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர். திருகோணமலைக்குள் எந்த இராணுவச் சோதனைச் சென்றியிலும் அவரை மறித்து இறக்கியதில்லை. பின்னால் சைக்கிளில் வரும் என்னை இறக்கி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கத்தரிக்காய்க் கறியைக் கிளறிப் பார்ப்பார்கள். சகலன் தூரத்தில் நின்று, “கெதியா வாரும், நேரம் போகுது” என்பார்.

இவை எல்லாம் சில்லறைப் பொறாமைகள். சோறு இறங்காத அளவுக்கு நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருவர்மீது. காரணம் அவரிடம் இருந்த ஒரு ஊர். அந்த ஊர் பூமியில் எங்கும் இல்லை.

யுத்தம் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. ஓர்ஸ் ஹில் சரிவில் ஒரு பழைய வீட்டில் எங்கள் நிவாரண அலுவலகம் இருந்தது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தறப்பாளும் வாளியும் பாயும் கொடுப்போம். நான் அறிக்கை எழுதுபவன். எத்தனை வாளி கொடுத்தோம் என்பதை, வாளி என்ற சொல் வராமல், வெளிநாட்டார் மெச்சும் ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. நான் சொன்ன அந்த ஒருவர் அங்கே களஞ்சியப் பொறுப்பாளர். உண்மையான வாளிகள் அவரிடம் இருந்தன. கிண்ணியாக்காரர், என் வயதுக்காரர், ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி. அதற்கென்று ஒரு தனி அறை. அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மாலையில் பூப்போட்ட துணியில் தைத்த உறையைப் போட்டு, நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டுவோம். கோயில் மூலஸ்தானத்துக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம், கோயிலில் கரண்ட் போனாலும் விளக்கு எரியும்.

முன்பு இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் போகும்போது அந்தக் கணினியில் ஒரு விளையாட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு வெறுநிலம், கொஞ்சம் கடல், ஒரு மேயர். மேயர் நீங்கள்தான். நிலத்தில் பச்சைக் கட்டம் போட்டால் வீடு முளைக்கும். நீலம் போட்டால் கடை. மஞ்சள் போட்டால் தொழிற்சாலை. நீங்கள் கட்டுவதில்லை, இடத்தை மட்டும் காட்டுவீர்கள். சனம் தானாக வந்து கட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகும். தனி ஆள் விளையாடும் ஆட்டம் அது. வெற்றி, தோல்வி, முடிவு, எதிரி, ஒன்றும் இல்லை. எதிரி இல்லாத ஆட்டம் எனக்குப் பழக்கமில்லை. இரண்டாம் கிழமையே ஒரு எதிரியைத் தேடிக்கொண்டேன்.

நானும் அவரும் ஒரே நிலத்தில்தான் தொடங்கினோம். உள்ளே வளைந்து வரும் கடல், அதைச் சுற்றி மேடும் பள்ளமும். அறையின் யன்னலால் தெரிகிற உள்துறைமுகத்தின் சாயல் அதில் இருந்ததால் இருவருக்கும் பிடித்துப்போனது. ஆளுக்கொரு ஊராகச் சேமித்து வைத்துக்கொண்டோம். அவருக்குக் கிடைத்தது மதியத் தொழுகைக்கும் சோற்றுக்கும் நடுவில் இருபது நிமிடம். மூன்று மணிக்கு அவர் ஓடவேண்டும். கிண்ணியாவுக்குப் போவதென்றால் கடைசியில் ஒரு நீர்ப்பரப்பைத் தாண்ட வேண்டும். பஸ்ஸால் இறங்கி, நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் ஏறி அக்கரை சேரவேண்டும். பொழுதுபட முன்னர் பாதை நின்றுவிடும். நானோ ஏழு நிமிட நடை தூரத்தில் இருந்தேன். அவர் போன பிறகு ஐந்தரை மணி வரை ஆட்டம் எனக்குத்தான்.

அப்படியிருந்தும் என் ஊரில் ஒன்பதாயிரம் பேர். அவருடைய ஊரில் ஐம்பதாயிரம் பேர். மேலே ஒரு மூலையில் அந்த எண் எப்போதும் தெரியும். அறிக்கையில் என்றால் அதைப் பின்னிணைப்புக்குள் தள்ளிவிட்டிருப்பேன்.

இது எங்கள் இருவருக்குள் கிடந்து போயிருக்கும். ஆனால் நான் வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. கொப்பி திருத்திக்கொண்டே காது கொடுப்பாள். “இண்டைக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டினனான்” என்பேன். “ம்” என்பாள். “உங்கட ரெண்டு பேரில ஆற்ற ஊர் பெரிசு?” என்று ஒரு நாள் கேட்டாள். “என்ர ஊர்” என்றேன். அது வாயில் தானாக வந்துவிட்டது. அவள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி, “மார்கழிச் சாப்பாட்டுக்கு வரேக்க காட்டுங்கோ” என்றாள். அலுவலகத்தில் மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை குடும்பங்களைக் கூப்பிட்டுச் சோறு கொடுப்பது வழக்கம். அதற்கு மூன்று கிழமைதான் இருந்தது.

மூன்று கிழமைக்குள் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். என் ஊர் வளர வேண்டும். அல்லது அவருடைய ஊர் செல்லாது என்று தீர்ப்பாக வேண்டும். முதலாவதை முயன்று பார்த்தேன். ஒன்பதாயிரம் ஒன்பதாயிரத்து நூறு ஆனது. நான் இரண்டாவதில் இறங்கினேன்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது விதியை மீறுபவனை “அளாப்பி” என்பார்கள். அவன் செய்வது அளாப்பு. கிளித்தட்டிலும் மாபிளிலும் அளாப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். எதிரே நிற்பவன் கத்துவான். எதிரே ஒருவரும் நிற்காத ஆட்டத்தில் எது அளாப்பு என்று யார் சொல்வது? நான் சொல்வதென்று தீர்மானித்தேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ‘விதிகள்’ என்று தலைப்பிட்டேன்.

அடுத்த நாள் மதியம் நாங்கள் இருவரும் கணினி அறையில் இருந்தோம். அலுவலகச் சாரதியும் இருந்தார். அவர் ஓய்வு வயதைத் தாண்டிய கத்தோலிக்கர்; ஏசிக் காற்றுக்காக ஒரு கதிரையைச் சுவரோடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று நம்பி யாரும் எதையும் பேசக்கூடாது.

“மச்சான், நீ கோட் அடிக்கிறியோ?” என்று கேட்டேன்.

“என்ன கோட்?”

“ஒரு சொல்லை அடிச்சா மாநகரசபைக்குச் சும்மா காசு வரும். அந்தக் கோட்.”

“அப்பிடி ஒண்டு கெடக்கா?” அவர் முகம் மலர்ந்தது. “செல்லு, செல்லு! என்ன சொல்?”

நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லை ஒரு பழைய சஞ்சிகையில் கண்டுபிடித்து நான் அடித்துப் பார்த்திருந்தேன். சோதனைக்காக ஒரு முறை. சோதனையை உறுதிப்படுத்த இன்னும் மூன்று முறை. முதலாவது விதி, கோட் அடிப்பது அளாப்பு, என்று எழுதினேன். பழைய சம்பவங்களுக்கு அது செல்லாது என்று மனதுக்குள் ஒரு உபவிதியும் சேர்த்துக்கொண்டேன்.

“ரெண்டாவது,” என்றேன். “ஊர் நெருப்புப் பிடிச்சால், சேவ் பண்ணாமல் மூடிப்போட்டு, பழைய ஊரைத் திரும்பத் திறக்கிறது. அதுவும் அளாப்பு.”

“அப்ப நேத்து நீ செஞ்சது?”

“நேற்று கரண்ட் போனது.”

“கரண்ட் போகல்ல. ஒண்ட கால் பிளக்கில பட்டது.”

“வேணுமெண்டு படுத்தேல்லை.”

“ஒண்ட ஊர்ல நெருப்பு எரியக்குள்ள மட்டும் எப்பிடி மச்சான் ஒண்ட காலுக்குப் பிளக் தெரியுது?”

சாரதி கண்ணைத் திறக்காமல் சிரித்தார். “நான் தனிய இருந்து காட்ஸ் விளையாடேக்க ஒரு சீட்டை எடுத்து மடிக்குள்ள ஒளிச்சு வைக்கிறனான்” என்றார். “பிறகு நானே கண்டுபிடிச்சு, என்னை நல்ல பேச்சுப் பேசுவன். ஒருக்கா ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.”

அவரைச் சாட்சியாக எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாவதாக, நேரத்தை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்து யோசித்துத் திட்டம் போடுவதைத் தடைசெய்யலாம் என்றிருந்தேன். ஆனால் நேரத்தை நிறுத்தலாம் என்பதே அவருக்குத் தெரியாது. தன் இருபது நிமிடத்தையும் ஓடவிட்டு, ஓடுகிற ஊருக்குள் ஓடி ஓடி ரோட்டுப் போடுவார். நிறுத்தி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவன் நான். அந்த விதியை எழுதுமுன்பே அழித்தேன்; மூன்றாம் இலக்கம் தாளில் வெறுமையாக நின்றது.

நாலாவதில்தான் அவர் அகப்பட்டார். அந்த விளையாட்டில் அழிவுகள் என்று ஒரு பட்டியல் உண்டு: தீ, வெள்ளம், புயல், கலவரம். பட்டியலின் அடியில் ஒரு சின்னக் கட்டம். அதில் சரி போட்டால் அழிவுகள் எதுவும் நடக்காது. அவருடைய ஊரைத் திறந்தபோது, அந்தக் கட்டத்தில் சரி போட்டிருந்தது.

“இதென்ன இது?” என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இருக்கவில்லை. “அழிவையெல்லாம் நிப்பாட்டி வைச்சிருக்கிறாய்!”

“ஓம். போன கிழமைதான் அந்தப் பொத்தானக் கண்டன்.”

“இது அளாப்பு.”

“ஏன்?”

“ஏனெண்டால்… அழிவில்லாமல் ஊர் எண்டு ஒண்டு இருக்கேலாது.”

அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்கத் தொடங்கினார். பிறகு சொன்னார்: “வெளியில இதுக்கொரு பொத்தான் இல்ல மச்சான். இருந்தா நான் அங்கயும் அளாப்புவன்.”

சாரதி கண்ணைத் திறந்தார்.

ஒரு மனிதன் இப்படிச் சொல்லும்போது, கேட்பவன் நல்லவன் என்றால் மனம் இளகும். எனக்கு வயிறு எரிந்தது. எட்டு வருடம் அறிக்கை எழுதுகிறேன். சனத்தின் துன்பம் என்ற தலைப்பில் மட்டும் இருநூறு பக்கம் எழுதியிருப்பேன். அந்த இருநூறு பக்கத்தில் இப்படி ஒரு வசனம் வரவில்லை. அது வாளி எண்ணுகிற மனிதனுக்கு, சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்திருக்கிறது. அந்த மாத அறிக்கையில் அதை ஆங்கிலப்படுத்தி, ‘நிவாரணம் பெற்ற ஒருவர் கூறினார்’ என்று போட்டேன். கொழும்பிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அது அளாப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலாவது விதியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அந்தக் கிழமை நகரில் இராணுவச் சுற்றிவளைப்பு. பாதை ஓடவில்லை. கிண்ணியாக்காரர் மூன்று நாள் வரவில்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஏழு நிமிடத்தை நாற்பது நிமிடமாக நடந்து நான் வந்து சேர்ந்தேன். அறிக்கை எழுத விஷயம் இருந்தது. நான் அவருடைய ஊரைத் திறந்தேன்.

மற்றவர் ஊரை அவர் இல்லாத நேரம் திறந்து பார்ப்பது பற்றி விதித்தாளில் ஒன்றும் இருக்கவில்லை. அதை எழுதியவன் முன்யோசனைக்காரன். முதல் வேலையாக அந்தச் சின்னக் கட்டத்தில் இருந்த சரியை எடுத்துவிட்டேன். இனி நீதியாக நடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தொழிற்சாலை தீப்பிடித்தது. மூன்று தீயணைப்பு நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் கதிரையை இழுத்துப் போடுவதற்குள் அணைத்துவிட்டார்கள். வெள்ளம் வந்தது, வீடுகள் மேட்டில் இருந்தன. மனிதர் அழிவை நிப்பாட்டுவதற்கு முன்பே அழிவுக்கு ஆயத்தமாகத்தான் ஊரைக் கட்டியிருந்தார். எண் ஐம்பத்தோராயிரம் ஆனது.

எனக்கு அழுகை வராத குறை. சேமிக்காமல் மூடினேன். பிறகு திரும்பத் திறந்து, கட்டம் கட்டமாகத் தேடினேன். இந்தச் சனம் எங்கிருந்து வருகிறது? எதைக் கண்டு வருகிறது? அப்போதுதான் கண்டேன். கடலோரம் முழுவதும் வீடு. வளைகுடா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமெல்லாம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு பச்சைக் கட்டம் போட்டிருக்கிறார். நடுநடுவே பூங்கா, ஒரு சின்ன இறங்குதுறை, ஒடுங்கிய இடத்தில் அக்கரைக்கு ஒரு பாலம். கடல் தெரிகிற இடத்துக்கு மதிப்புக் கூடும். கூடினால் சனம் வரும். வந்து மாடிமாடியாகக் கட்டும். ஆட்டத்தைச் செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை இது என்று எனக்குப் பட்டது. கரையில் இவ்வளவு பேரைக் குடியேற்றுவது எந்த ஊரில் நடக்கும்? இயற்கைக்கு மாறானது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மேசையில் தட்டினேன்.

ஐந்தாவது விதியை ஆறுதலாக, நல்ல கையெழுத்தில் எழுதினேன். ‘கரையிலிருந்து பத்துக் கட்டத்துக்குள் எவரும் வீடு அமைக்கக்கூடாது.’ தாளைக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

பாதை ஓடத் தொடங்கியதும் அவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே தாளை வாசித்தார்.

“அஞ்சாவது என்ன மச்சான்?”

“கடலோரத்தில வீடு. அதில ஒரு ஓட்டை இருக்கு. அதாலதான் உனக்குச் சனம் கூடுது.”

“அப்ப வீட்ட எங்க வைக்கிற?”

“உள்ளுக்க.”

“கரையில?”

“ஒண்டும் வேண்டாம்.”

அவர் தலையைச் சொறிந்தார். “நாங்க காலையிலயும் பின்னேரமும் தண்ணியத் தாண்டுற ஆக்கள். எனக்கு வேற மாதிரிக் கட்டத் தெரியாது.” மனைவியிடம் நான் சொன்ன பொய் அவர் காதுக்கும் வந்திருந்தது; என் தோளில் தட்டினார். “சரி, நீ அளாப்பு எண்டா அளாப்பு. சனிக்கிழமை ஒண்ட வீட்டுத் தங்கச்சி வந்தா, நீதான் வெண்டது எண்டு நானே செல்லுறன். ஆனா எண்ட வீடுகள உடைக்கச் செல்லாத.”

வென்றவன் நான். அந்த வெற்றியை அவர் ஒரு வாளியைப் போலக் கையில் தந்துவிட்டுப் போனார். அதற்கும் பொறாமைப்பட்டேன். பெருந்தன்மை அவருக்கு அவ்வளவு இலகுவாக வந்தது.

என் மனைவியைப் பற்றி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அவள் பிறந்த வீடு உள்துறைமுகக் கரையில் இருந்தது. இப்போதும் இருக்கலாம். அந்தப் பக்கத்துக்குப் படையினரின் வேலியும் ஒரு அறிவித்தல் பலகையும் வந்த பிறகு போய்ப் பார்த்தவர்கள் இல்லை. அவளுடைய ஆட்கள் சல்லி என்ற ஊர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. எங்களிடம் கதைக்காத விஷயங்கள் நிறைய இருந்தன. அதுவும் அதில் ஒன்று என்று நான் விட்டுவிட்டேன். விதி எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. கிண்ணியாக்காரரின் வீட்டார் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக எருமைத் தயிர் இரண்டு சட்டி வந்தது. மனைவி கல்யாணக் கூறைக்கு அடுத்த நல்ல சீலையை உடுத்தி வந்தாள். சாப்பாட்டுக்கு முன்பே, “எங்க உங்கட ஊர்?” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணினி அறைக்குள் வந்தாள். பின்னால் கிண்ணியாக்காரர். சுவரோரக் கதிரையில் சாரதி ஏற்கனவே கண்ணை மூடியிருந்தார்.

நான் என் ஊரைத் திறந்தேன். ஆஸ்பத்திரியைக் காட்டினேன். பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். அவள் வேறு எங்கோ பார்த்தாள்.

“ஏன் எல்லாக் காரும் இந்த ஒரு இடத்தில நிக்குது?”

“அது ஊருக்குள்ள வாற வழி.”

“ஒரு வழிதானோ?”

“ஓம்.”

“ஏனப்பா, இவ்வளவு இடம் கிடக்கு. நாலு வழி விடலாம்தானே?”

“எல்லாரும் ஒரு வழியால வந்தாத்தான்…” என்று தொடங்கினேன்.

“செக் பண்ணலாம்,” என்றார் சாரதி, கண்ணைத் திறக்காமல்.

“இந்த மேட்டில ஒண்டுமில்லையே?”

“அது விட்டிருக்கு.”

“ஆருக்கு?”

ஊரிலேயே உயரமான, நாலு பக்கமும் தெரிகிற இடம் அது. முதல் நாளே அதைச் சுற்றி ரோட்டைப் போட்டுவிட்டு நான் ஒன்றும் கட்டாமல் விட்டிருந்தேன். யாருக்கு என்று யோசித்ததில்லை. நல்ல மேடு என்றால் அது எங்களுக்கில்லை என்று கை தன் பாட்டில் விலகியிருக்கிறது.

அவளுடைய விரல் கண்ணாடியில் கரையோரமாக நகர்ந்தது. வளைகுடாவைச் சுற்றி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, பத்துக் கட்ட அகலத்துக்கு வெறும் மண்.

“கரையில ஏன் ஒரு வீடும் இல்லை?”

“அங்க விடமாட்டாங்கள்,” என்றேன்.

“ஆர்?”

நான் திரையைத் திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கம் இழுத்தேன்.

“நீங்கள்தானே மேயர் எண்டு சொன்னனீங்கள்?”

கிண்ணியாக்காரர் குறுக்கே வந்தார். “தங்கச்சி, விதிப்படி பாத்தா மச்சான்ட ஊர்தான் வெண்டது. எண்ட ஊர் அளாப்பு. அந்தா, எழுதிக் கெடக்கு.”

மனிதர் உதவி செய்வதாக நினைத்துத்தான் கையைக் காட்டினார். அவள் சுவரில் இருந்த தாளை வாசித்தாள். கொப்பி திருத்துகிறவள், ஒவ்வொரு வரியாகத்தான் வாசிப்பாள். ஐந்தாவதுக்கு வந்ததும் வாய்விட்டு வாசித்தாள். “கரையிலிருந்து பத்துக் கட்டத்துக்குள் எவரும் வீடு அமைக்கக்கூடாது.” அவள் பள்ளிக்கூடக் குரலில் வாசித்தபோதுதான் அந்த வசனத்தை நான் எங்கே முன்பு வாசித்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. பலகையில் கட்டம் என்று இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“இது உங்கட கையெழுத்தெல்லோ?” என்றாள்.

“ஓம்.”

அவள் கோபிக்கவில்லை. “உங்கட ஊரைப் பார்க்க நான் இவ்வளவு உடுத்திக்கொண்டு வந்திருக்கத் தேவையில்லை,” என்றாள். “யன்னலால பார்த்திருக்கலாம்.” பிறகு கிண்ணியாக்காரர் பக்கம் திரும்பி, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில், “நானா, உங்கட அளாப்பு ஊரைக் காட்டுங்கோ” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எழும்பி விலகினேன். அவருடைய ஊர் திறந்தது. கரை முழுக்க வீடு. வீடுகளுக்குப் பின்னால் மரம். பாலத்தில் கார்கள் போவதும் வருவதுமாக. அவள் குனிந்து, நிமிராமல், நெடுநேரம் பார்த்தாள்.

“இந்த வளைவில ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு,” என்றாள். “இதில பச்சை போட்டால் வீடு வருமோ?”

“வரும் தங்கச்சி. இரிங்க, நீங்களே போடுங்க.” அவர் தன் கதிரையைக் கொடுத்தார். மௌஸைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தார். அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, கரையோரமாக ஒரே ஒரு பச்சைக் கட்டம் போட்டாள். மூவரும் காத்திருந்தோம். சாரதியும் எழும்பி வந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வீடு எழும்பியது. சின்ன வீடு, சிவப்புக் கூரை, கடலைப் பார்த்தபடி.

“அம்மாவின்ர கிணறு இந்தப் பக்கம்,” என்று அவள் வீட்டின் இடது பக்கத்தைத் தொட்டாள். கிண்ணியாக்காரர், “அப்ப அதுக்குக் கொஞ்சம் எடம் விடுவம்,” என்று பக்கத்துக் கட்டத்தில் ஒரு மரம் வைத்தார்.

நான் பின்னால் நின்றேன். பன்னிரண்டு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தக் கிணறு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அதை அவள் வேறொருவருடைய ஊரில் வைத்து, அவரிடம் சொன்னாள். அழிரப்பர்க்காரன், சகலன், எல்லாரையும் அந்த நிமிடத்தில் மன்னித்துவிட்டேன். பொறாமை முழுவதும் இந்த ஒரு மனிதருக்குத் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை அவர் போன பிறகு நான் ஐந்தாவது விதியை வெட்டினேன். என் ஊரைத் திறந்து, கரையோரமாகப் பச்சை போடப் போனேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஒரு முறை யன்னலாலும் எட்டிப் பார்த்தேன். மௌஸைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் நான் செய்த காரியங்கள் எத்தனையோ. கோட் அடித்தபோதுகூட யன்னலால் எட்டிப் பார்த்ததில்லை. போட்டேன். வீடுகள் வந்தன. நாலு நாளில் எண் இருபதாயிரத்தைத் தாண்டியது.

அடுத்த கிழமை அவரிடம் ஒப்புக்கொண்டேன். “மச்சான், உன்னைப் பார்த்துக் கொப்பியடிச்சிட்டன். கரையில வீடு.”

“அதுக்கென்ன?” என்றார் பார்சலைப் பிரித்தபடி. “கடல் என்ன எண்ட வாப்பாட சொத்தா?”

இந்த வசனத்தை நான் அறிக்கையில் போடவில்லை. விரும்பாமல் இல்லை, வாளி கொடுத்த கணக்கோடு அது பொருந்தவில்லை.

என் ஊரிலும் அதே வளைவில், அதே இடத்தில், சிவப்புக் கூரை வீடு ஒன்றை வரவைத்தேன். இடது பக்கம் கிணற்றுக்கு ஒரு கட்டம் விட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். “நல்லது,” என்றாள், கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல். “அது நீங்கள் பார்த்து எழுதினதெல்லோ.” சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டுவிட்டு, “நானாவின்ர ஊரில என்ர வீடு கிடக்கோ?” என்று கேட்டாள்.

“கிடக்கு.”

“பார்த்தனீங்களோ, சும்மா சொல்லுறியளோ?”

நான் பார்த்திருக்கவில்லை. அதன் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். தேநீரோடு கேட்பாள், சில நாட்களில் வாசலிலேயே கேட்பாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், தொழில் அப்படி. ஆகவே அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஐந்தரை மணிக்கு, என் ஊரைச் சேமித்து மூடிய பிறகு, அந்த மனிதருடைய ஊரை ஒருமுறை திறப்பேன். ஐம்பத்தெட்டாயிரம், அறுபதாயிரம் என்று ஏறிக்கொண்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் இருக்க முயல்வேன். வளைவுக்குப் போவேன். வீடு இருக்கும், மரம் இருக்கும். பிறகு அழிவுகள் பட்டியலை இறக்கி, அடியில் இருக்கும் சின்னக் கட்டத்தில் சரி போட்டபடியே இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடிவிட்டுத் திரும்பத் திறந்து இன்னொரு தரம் பார்த்த நாட்களும் உண்டு. அதற்குப் பிறகுதான் பூப்போட்ட உறையைப் போட்டு நாடாவைக் கட்டுவேன்.